கழுதை போகலாம், அம்மா போகக் கூடாதா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புனேயில் எங்கள் குடியிருப்பிலும் பக்கத்துக் குடியிருப்பிலுமாக இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடினோம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நடக்கிற சமாச்சாரம்தான். வீட்டுக்கு ஒரு பாத்திரம். ஒருத்தர் புளியோதரை, ஒருத்தர் தயிர்சாதம், சொல்லி வைத்த மாதிரி மூன்று பேர் கேசரி. சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கண் சொக்கி உட்கார்ந்திருந்த நேரத்தில் வீட்டுக்காரர் டிவியைப் போட்டு, "சார், உங்க பெரு போட்டோவெல்லாம் போடுங்களேன், பசங்க பார்க்கட்டும்" என்றார். பசங்க ஏற்கனவே மொட்டைமாடிக்குப் போய்விட்டார்கள். இருந்தாலும் போட்டேன். இதற்காகத்தானே போட்டோவே எடுக்கிறோம் :-)

2019 ஜூன் மாதம் போனது. மச்சு பிச்சுவைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதைப் பார்த்தது இரண்டாம் பட்சம். நான் போனது சோக்கேகிராவ் என்ற இடத்துக்கு. (முதல் எழுத்தை 'சோறு' மாதிரி சொல்லக் கூடாது, 'பச்சோந்தி'யில் வருகிற சோ மாதிரி சொல்ல வேண்டும். எனக்கே மூன்று நாள் ஆனது.) இன்காக்கள் மலை உச்சியில் கட்டிய ஊர். மச்சு பிச்சுவின் தங்கை என்று சொல்வார்கள். ரயில் கிடையாது, பஸ் கிடையாது. குஸ்கோவிலிருந்து நான்கு மணி நேரம் வேனில் போய், அப்புறம் அபுரிமாக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி, எதிர்ப்பக்கம் ஏறிப் போக வேண்டும். போக இரண்டு நாள், வர இரண்டு நாள், பார்க்க ஒரு நாள். மச்சு பிச்சுவுக்கு 2019-ல் 15 லட்சம் பேருக்கு மேல் போனார்கள். இங்கே வருடத்துக்குச் சில ஆயிரம் பேர்தான்.

படம் ஓடிக்கொண்டிருந்தபோது, போகிற போக்கில் அங்கே ரோப் கார் போடப் போவதாகப் பேச்சு இருக்கிறது என்று சொன்னேன். உடனே எங்கள் கூட்டத்தில் ட்ரெக்கிங் போகிற தம்பி ஒருவன் (பெயர் வேண்டாம், இந்தப் பதிவைப் படிப்பான்) நிமிர்ந்து உட்கார்ந்தான். "அய்யய்யோ, ரோப் கார் வந்தா போச்சு சார். நடந்து வர்றவனுக்குத்தான் அந்த இடத்தோட அருமை தெரியும். சும்மா ஏறி உக்காந்து செல்ஃபி எடுக்க வர்ற கூட்டத்துக்கு என்ன தெரியும்?" என்றான். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் அம்மா கேட்டார். "அப்ப என்னைய மாதிரி ஆளுக பாக்கவே கூடாதாப்பா?"

அம்மாவுக்கு 71 வயது. திண்டுக்கல்காரர். இரண்டு முழங்காலும் போய்விட்டது. பழனிக்கு வின்ச்சில்தான் போவார், வரிசை நீளமாக இருந்தால் ரோப் காரில். யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. "அதுக்கில்லம்மா..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. வீட்டுக்காரம்மா காபி கொண்டு வந்தார், பேச்சு மாறிவிட்டது.

எனக்குத்தான் மாறவில்லை. ஒரு மாதமாக யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன். ரோப் கார் வரக் கூடாது என்று ஊர் சுற்றுகிறவர்கள் சொல்கிற காரணங்கள் எல்லாம் பொய். தெரிந்தே சொல்கிற பொய் இல்லை, ஆனால் பொய்தான். இதே பொய்யை நானும் 2019-ல் அந்த மலையில் உட்கார்ந்து, ஆமாம் ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன். அதனால் என்னை நானே திட்டிக்கொள்கிற பதிவு என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் "நடந்து போனேன்" என்கிற பெருமையைப் பார்ப்போம்.

நாங்கள் ஆறு பேர். எங்களுக்கு ஒரு வழிகாட்டி, ஒரு சமையல்காரர், கோவேறு கழுதை ஓட்டுகிற இரண்டு பேர். அவர்களை அங்கே அரியேரோ என்கிறார்கள். சுமை தூக்க ஐந்து கோவேறு கழுதைகள், அவசரத்துக்குச் சேணம் போட்டு இன்னொன்று. கழுதைகளின் முதுகில் என்னென்ன போனது தெரியுமா? ஆளுக்கு ஏழு கிலோ பை. கூடாரங்கள். சமையல் கேஸ் சிலிண்டர். அரிசி, உருளைக்கிழங்கு, முட்டை. அதெல்லாம் பரவாயில்லை. மடக்கு மேஜை ஒன்றும் ஆறு ஸ்டூலும் போனது. மாலை ஐந்து மணிக்கு அந்த மேஜையில் துணி விரித்து, கோக்கா இலைத் தேநீரும் சோளப்பொரியும் வைப்பார்கள். நாங்கள் 'ஹைக்கர்கள்' உட்கார்ந்து இயற்கையைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிடுவோம். நான் தூக்கிப் போனது ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு மழைக்கோட்டு, ஒரு கேமரா. புனே ஸ்டேஷனில் இதைவிட அதிகம் தூக்கியிருக்கிறேன்.

நாங்கள் காலையில் பல் தேய்க்கும்போது அரியேரோக்கள் கழுதைகளை மேய்ச்சலிலிருந்து பிடித்து வந்து கட்டிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் கிளம்பி ஒன்றரை மணி நேரம் கழித்து அவர்கள் பின்னால் வந்து, எங்களைத் தாண்டிப் போய், நாங்கள் மூச்சு வாங்க வந்து சேரும்போது கூடாரம் அடித்து முடித்திருப்பார்கள். காலில் டயர் ரப்பரில் செய்த செருப்பு. என் காலில் பன்னிரண்டாயிரம் ரூபாய் பூட்ஸ்.

இப்போது பாதையைச் சொல்கிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே கஷ்டம்தான். நடை தொடங்குகிற கபுலியோக் கணவாய் சுமார் 2,900 மீட்டர் உயரம். ஊட்டியைவிட அறுநூறு மீட்டருக்கும் மேல். அங்கிருந்து ஒரே இறக்கம். கீழே ஆற்றங்கரை சுமார் 1,500 மீட்டர். வளைந்து வளைந்து புழுதிப் பாதை, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், கள்ளிச்செடிகள். குளிராகக் கிளம்பி, மதியத்துக்குள் நம்மூர் சித்திரை வெயிலுக்கு வந்துவிடலாம். ராத்திரி தங்குகிற இடத்தில் ஒரு குட்டி ஈ உண்டு. கண்ணுக்கே தெரியாது. கடித்தால் பத்து நாள் அரிக்கும். அடுத்த நாள் பாலத்தைத் தாண்டி, இறங்கின 1,400 மீட்டரையும் எதிர்ப்பக்கம் ஏற வேண்டும். நிழல் கிடையாது. விடியற்காலை நான்கு மணிக்கே கிளப்பிவிட்டார்கள்.

பாதி வழியில், சாந்தா ரோசா என்கிற இடத்தைத் தாண்டினதும், எனக்கு வயிறு கெட்டுவிட்டது. அதற்கு மேல் விவரம் வேண்டாம். இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தேன், மூன்றாவது தடவை எழ முடியவில்லை. வழிகாட்டி என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மேலே போய்க்கொண்டிருந்த அரியேரோவை விசிலடித்துக் கூப்பிட்டார். சேணம் போட்ட கழுதை வந்தது. என்னைத் தூக்கி அதன் மேல் உட்கார வைத்தார்கள். மராம்பாத்தா என்கிற சிற்றூர் வரைக்கும், கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கழுதை மேல்தான் போனேன். அரியேரோ முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

ஆறு வருடத்துக்கும் மேலாக இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. என் மனைவிக்கு மட்டும் தெரியும். டிவியில் போட்ட படங்களில் அந்த இரண்டு மணி நேரம் இல்லை. கீழே பாலத்தில் நான் சிரிக்கிற படம், அடுத்தது மராம்பாத்தாவில் பனிமலை பின்னணியில் நான் கையை விரித்து நிற்கிற படம். நடுவில் யார் தூக்கிக்கொண்டு வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே வயிறு சரியாகிவிட்டது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். ரோப் கார் பேச்சு வந்தது. கூட வந்த ஜெர்மானியர் ஒருவர், வந்தால் இந்த இடம் செத்துவிடும் என்றார். எல்லோரும் ஆமோதித்தோம். கழுதை மேல் வந்த நானும்தான். அது மட்டும் இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

சரி, காரணங்களுக்கு வருவோம்.

"இன்காக்கள் நடந்த பாதையில் நடப்பதுதான் மரியாதை" என்பது ஒன்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இன்கா அரசன் நடக்கவில்லை. பல்லக்கில் போனான். பல்லக்குத் தூக்குவதற்கென்றே ருக்கானா என்ற இனத்து மக்களை வைத்திருந்தார்கள். 1532 நவம்பரில் ஸ்பானியர்கள் கஹமார்க்காவில் அதவால்பாவைப் பிடித்தபோதும் அவன் பல்லக்கில்தான் இருந்தான். அதே மாதிரி, கோவேறு கழுதை இன்காக்களுடையது இல்லை. குதிரையும் கழுதையும் ஸ்பானியர்களோடு கப்பலில் வந்தவை. இன்காக்களிடம் இருந்தது லாமா. அது இருபத்தைந்து முப்பது கிலோ தூக்கும், பெரிய ஆள் ஏறி உட்கார்ந்தால் நகராது. ஆக, நாம் "பாரம்பரியப் பயணம்" என்று சொல்லிக்கொண்டு போவதே வெளியூர்ச் சரக்கின் முதுகில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கயிற்றில் தொங்கிப் பள்ளத்தாக்கைத் தாண்டுவது யாருடைய கலை? சாட்சாத் இன்காக்களுடையது. அதுவும் இதே அபுரிமாக் ஆற்றின் மேல். அதே ஆற்றில், மேலே போனால், கேஸ்வாச்சாக்கா என்று ஒரு பாலம் இன்றைக்கும் இருக்கிறது. புல்லைத் திரித்துக் கயிறாக்கி, கயிற்றை முறுக்கி வடமாக்கி, சுற்றியிருக்கிற ஊர்க்காரர்கள் வருடா வருடம் ஜூன் மாதத்தில் புதிதாகக் கட்டுகிறார்கள். 2013-ல் யுனெஸ்கோ அந்தக் கலையைப் பட்டியலில் சேர்த்தது. கொரோனா நேரத்தில் புதுப்பிக்காமல் விட்டதால் 2021 மார்ச்சில் அறுந்து விழுந்தது, ஜூனில் மறுபடியும் கட்டினார்கள். சோக்கேகிராவ் பாதையிலேயே, பழைய பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போன பிறகு, 2010களின் முதல் பாதியில் சில காலம் கம்பியில் தொங்குகிற பெட்டியில் உட்கார்ந்துதான் மனிதர்கள் ஆற்றைத் தாண்டினார்கள். அந்தப் படங்களை இன்றும் ட்ரெக்கிங் ஆட்கள் "என்ன த்ரில்" என்று போட்டுக்கொள்கிறார்கள். அதே கம்பியும் பெட்டியும் கொஞ்சம் பெரிதாக வந்து, அதில் வயதானவர்கள் உட்கார்ந்தால் மட்டும் புனிதம் கெட்டுவிடுமாம்.

"யாரும் தொடாத இடம், அப்படியே இருக்கட்டும்" என்பது இரண்டாவது. யாரும் தொடாத இடமா? 1834-லேயே பிரெஞ்சுக்காரர் சார்டிஜ் வந்துவிட்டார். மச்சு பிச்சு புகழ் ஹைரம் பிங்காம், மச்சு பிச்சுவுக்கு இரண்டு வருடம் முன்னால், 1909-ல் இங்கேதான் முதலில் வந்தார். அவர் காட்டை வெட்டிக்கொண்டு வரவில்லை. புதையல் தேடுகிற ஒரு கோஷ்டி அதற்கு முன்பே பாதை போட்டு, ஆற்றில் பாலமும் கட்டி, உள்ளே தோண்டிக்கொண்டிருந்தது. அப்போதும் யாரோ போட்ட வழியில்தான் போனார்கள், இப்போதும் அப்படித்தான். தான் நடக்கிற பாதை மட்டும் தானாக முளைத்தது என்று நினைப்பதுதான் வேடிக்கை.

இந்த இரண்டும் சில்லறைக் காரணங்கள். மூன்றாவதுதான் கனமானது. கூட்டம் வரும், கல் தாங்காது.

இதைத் தள்ளிவிட முடியாது. சோக்கேகிராவில் பாதிக்கு மேல் இன்னும் காட்டுக்குள்தான் கிடக்கிறது. பிரதான மைதானத்திலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்கினால் படிப்படியாக வயல் வரப்புச் சுவர்கள். அந்தச் சுவர்களில் கறுப்புக் கல்லுக்கு நடுவே வெள்ளைக் கல்லைப் பதித்து லாமா உருவங்களைச் செய்திருக்கிறார்கள். இருபதுக்கும் மேல் இருக்கும், பெரியது, சின்னது, குட்டி. இந்த நூற்றாண்டில்தான் அது வெளியே தெரிந்தது. ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு கொத்தனார் உட்கார்ந்து, லாமாவின் காது இப்படி இருக்க வேண்டும் என்று கல்லைத் தேடி வைத்திருக்கிறார். அந்தச் சுவர் மேல் நாளைக்கு மூவாயிரம் பேர் ஏறி நின்றால் என்ன ஆகும் என்று எனக்கும் பயம்தான்.

இதற்கு எல்லோரும் காட்டுகிற உதாரணம் குயேலாப். பெருவின் வடக்கே, சாச்சாபோயா மக்கள் கட்டிய மலைக்கோட்டை. 2017 மார்ச்சில் அங்கே ரோப் கார் வந்தது. நான்கு கிலோமீட்டர், இருபது நிமிடம். கூட்டம் பெருகியது. 2022 ஏப்ரலில் கோட்டை மதிலின் ஒரு பகுதி சரிந்தது. "பார்த்தாயா?" என்கிறார்கள். ஆனால் மதில் சரிந்தது தொடர்மழையில் தண்ணீர் உள்ளே இறங்கி, கல் பிதுங்கியதால். மதில் பிதுங்கியிருந்தது ரோப் கார் வருவதற்கு முன்பே தெரிந்த விஷயம். டிக்கெட் விற்ற வேகத்தில் மதிலைக் கவனிக்கவில்லை என்று திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். அதற்கு ரோப் காரில் வந்த பாட்டி என்ன செய்வாள்?

கூட்டத்துக்கு மருந்து எண்ணிக்கை. பெருவுக்கே அது தெரியும். மச்சு பிச்சுவுக்குப் போகிற இன்கா பாதையில் ஒரு நாளைக்கு 500 பேர்தான், சுமை தூக்குகிறவர்களையும் சமையல்காரர்களையும் சேர்த்து. பிப்ரவரி மாதம் முழுக்க மூடிவிடுகிறார்கள். மச்சு பிச்சுவுக்குள்ளேயும் 2024 முதல் ஒரு நாளைக்கு 4,500 பேர், விசேஷ நாட்களில் 5,600 பேர் என்று வைத்தார்கள். (அதுவே அதிகம் என்பது என் கட்சி.) சோக்கேகிராவுக்கு ஒரு நாளைக்கு இருநூறு பேர் என்று வையுங்கள். நூற்றைம்பது வையுங்கள். நடந்து வந்தாலும் தொங்கிக்கொண்டு வந்தாலும் அந்த எண்ணிக்கைக்குள்தான். கல்லுக்கு, மேலே நிற்கிறவன் எப்படி வந்தான் என்று தெரியாது. எத்தனை பேர் நிற்கிறான் என்பதுதான் தெரியும்.

அப்படிச் சொன்னால் ட்ரெக்கிங் ஆட்களுக்குப் பிடிக்காது. ஏனென்றால் அப்போது அவர்களும் வரிசையில் நிற்க வேண்டும். இப்போது வரம்பு வைப்பது முழங்கால். முழங்கால் சரியாக இருக்கிறவர்களுக்கு அது இலவச டிக்கெட்.

முழங்கால் மட்டும்கூட இல்லை. நான் புனேயிலிருந்து அங்கே போய்வர இரண்டு வாரம் விடுமுறை எடுத்தேன். விமானம், விசா, வழிகாட்டிக் கட்டணம் எல்லாம் சேர்த்துச் செலவானதை இங்கே எழுதினால் அம்மா படித்துவிடுவார். ஐந்து நாள் வேலையை விட்டுவிட்டு, கழுதைக்கும் சமையல்காரருக்கும் காசு கொடுத்து வருவதற்கு அந்த நாட்டிலேயே எத்தனை பேரால் முடியும்? எங்கள் வழிகாட்டியின் சொந்த ஊர் அபான்காய் பக்கம். வழியில் நாங்கள் பார்த்த பயணிகளில் பெரும்பாலோர் ஐரோப்பா, அமெரிக்கா. "உங்க அம்மா இதைப் பார்த்திருக்காங்களா?" என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் கேட்டேன். இல்லை என்றார். கெச்சுவா மொழி மட்டுமே பேசுகிற அம்மா, அந்தக் கல்லை வைத்தவர்களின் பேத்தி, பார்த்ததில்லை. புனேக்காரன் பார்த்துவிட்டேன். இதைத்தான் "நடந்து வருகிறவனுக்கே அருமை தெரியும்" என்று அழகாகச் சொல்கிறோம்.

நம்ம பக்கத்திலேயே பாருங்கள். ராய்கட் கோட்டைக்கு 1996-லிருந்து ரோப் கார் ஓடுகிறது. சிவாஜி மகாராஜாவின் தலைநகர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் ஏறுகிறவர்கள் இன்றும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பேரன் படியில் ஏறுவான், பாட்டி தொங்கிக்கொண்டு வருவாள், மேலே சமாதி முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து நிற்பார்கள். ரோப் காரால் மராட்டியர்களுக்குச் சிவாஜி மேல் மரியாதை குறைந்துவிட்டதாக இந்த ஊரில் யாராவது சத்தமாகச் சொல்லிப் பாருங்களேன். நான் மேலே சொன்ன தம்பியே போன வருடம் ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை ராய்கட் ரோப் காரில்தான் கூட்டிப்போனான். வாட்ஸப்பில் படம் போட்டான். லைக்கும் போட்டேன்.

இப்போது ரோப் காருக்கு எதிராக நான் மதிக்கிற ஒரே குரலுக்கு வருகிறேன். அது பயணிகள் குரல் இல்லை. கழுதைக்காரர் குரல்.

மூன்றாவது நாள், இடிபாடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, என்னைச் சுமந்த கழுதைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அரியேரோ கயிற்றைச் சரி செய்துகொண்டிருந்தார். வழிகாட்டியை மொழிபெயர்க்கச் சொல்லி, ரோப் கார் வந்தால் நல்லதா கெட்டதா என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. என்னையே திருப்பிக் கேட்டார்: அங்கே வேலைக்கு ஆள் எடுப்பார்களா, எடுத்தால் படிக்காதவர்களை எடுப்பார்களா? எனக்குத் தெரியாது என்றேன். அவருக்கு ஆறு கழுதைகள். நான்கு கடனில் வாங்கினது. ரோப் கார் வந்தால் கழுதைகளை யார் வாங்குவார்கள் என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே இன்னொன்றும் சொன்னார். மராம்பாத்தாவில் அவருடைய அக்கா குடும்பம் இருக்கிறது. அக்காவுக்குப் பிரசவ வலி வந்தபோது கழுதை மேல்தான் இறக்கி, ஆற்றைத் தாண்டி, மறுபடியும் ஏற்றி, கச்சோராவுக்குக் கொண்டுபோனார்களாம். ஒன்றரை நாள். பிள்ளை பிழைத்ததா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் சொல்லவில்லை.

மராம்பாத்தாவில் இருப்பது சில குடும்பங்கள்தான். சோப்பு, அரிசி, மஞ்சள் நிற இன்கா கோலா பாட்டில் வரைக்கும் எல்லாமே கழுதையில் ஏறி வர வேண்டும். அதனால்தான் மேலே போகப் போக விலையும் ஏறுகிறது. அதற்கும் நம்மவர்கள் பேரம் பேசுவதைப் பார்த்தேன்.

ரோப் கார் பேச்சு ஒன்றும் புதிதில்லை. அபுரிமாக் மாகாண அரசு 2010களின் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டது. சுமார் 5 கிலோமீட்டர், கால் மணி நேரப் பயணம் என்றார்கள். இடிபாடுகள் இருப்பது குஸ்கோ மாகாணத்தில், கார் கிளம்புவது அபுரிமாக் மாகாணத்திலிருந்து. டிக்கெட் காசு யாருக்கு என்று இரண்டு பேருக்கும் இழுபறி. அறிவிப்பு வரும், ஒத்திப்போகும், மறுபடியும் வரும். நான் போனபோது ஒரு கம்பமும் நட்டிருக்கவில்லை. இதை எழுதும்வரை ரோப் கார் ஓடவில்லை. இந்தச் சண்டையில் அரியேரோவின் ஆறு கழுதைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் யார்? மாகாண அரசுகள் டிக்கெட்டைப் பற்றிப் பேசுகின்றன. வெளிநாட்டுப் பயணிகள் மௌனத்தையும் தனிமையையும் பற்றிப் பேசுகிறார்கள். கழுதைக்காரர் பிழைப்பு போய்விடும் என்று சில பயணிகள் எழுதுவதைப் படித்தேன். நல்லது. ஆனால் அதே ஆட்கள் குஸ்கோவில் எந்த ஏஜென்சி இருபது டாலர் குறைவு என்று கடை கடையாக ஏறி இறங்கியவர்கள். நானும் இறங்கியிருக்கிறேன். குறைத்த இருபது டாலர் ஏஜென்சி முதலாளியின் பையிலிருந்து போயிருக்காது என்பது நமக்கே தெரியும்.

என்னைக் கேட்டால், அரியேரோக்களும் மராம்பாத்தாக் குடும்பங்களும் வேண்டாம் என்றால் வேண்டாம். அது அவர்கள் மலை, அவர்கள் பிழைப்பு. வேண்டும் என்றால், கார் ஓட்டுகிற வேலையும் டிக்கெட்டில் பங்கும் முதலில் அவர்களுக்கு என்று எழுத்தில் கொடுத்துவிட்டுக் கம்பம் நடட்டும். எனக்கும் அந்த ஜெர்மானியருக்கும் இதில் ஓட்டு கிடையாது. ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தவன், இனிமேல் கதவைச் சாத்து என்று சொல்ல என்ன உரிமை இருக்கிறது? பஸ்ஸில் முண்டியடித்து ஏறினவன், படியில் நின்றுகொண்டு "இடமில்லை, இடமில்லை" என்று கத்துகிற மாதிரிதான் இது. நாமெல்லாம் வெளியூரில் வந்து குடியேறினவர்கள். நமக்கு முன்னால் வந்தவன் நம்மைப் பார்த்து அப்படிக் கத்தியதைக் கேட்டவர்கள்தானே.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கழுதை விஷயத்தைச் சொன்னேன். ஆறு வருடமாக மறைத்ததற்குக் கோபப்படுவார் என்று நினைத்தேன். "வயிறு இப்ப நல்லாருக்கா?" என்று கேட்டார்! அப்புறம் அந்தப் படங்களை மறுபடியும் போடச் சொன்னார். கழுதைக்காரர் இருக்கிற படம் ஒன்றே ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. அதிலும் ஓரத்தில், பாதி முகம்.

"ரெண்டு மணி நேரம் இவருதான் புடிச்சிட்டு நடந்தாரா?"

"ஆமாம்மா."

"எவ்வளவுப்பா குடுத்த?"

கடைசி நாள் ஆறு பேரும் சேர்ந்து ஒரு கவரில் டிப்ஸ் போட்டு வழிகாட்டியிடம் கொடுத்தோம், அவர் எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பார், அதுதான் அங்கே வழக்கம் என்றேன்.

"அது எல்லாரும் குடுத்தது. ஒன்னையத் தூக்கிட்டு வந்ததுக்கு நீ தனியா என்ன குடுத்த?"

நான் ஒன்றும் கொடுக்கவில்லை.